திருகோணமலையில் முதல் வீடு: கடன் நாட்குறிப்பு

ஜூலை 7

முதல் வீடு வாங்குவோர் பலர் வீட்டுக்கடனுக்கு வட்டி எவ்வளவு என்று விசாரித்துவிட்டு நேரே விற்பவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். திருகோணமலைக்கு அந்த ஒழுங்கு சரிவராது. தேசிய வீடமைப்பு அதிகார சபை, அரச ஈட்டு முதலீட்டு வங்கி, எச்.டி.எஃப்.சி. வங்கி என்று எந்தப் படி ஏறினாலும் விண்ணப்பம் சிக்குவது அநேகமாகக் காணிப் பத்திரத்தில்தான்.

உறுதிக் காணியா (தனியார் உரிமை), அனுமதிப்பத்திரமா (அரச காணியைப் பயன்படுத்த மட்டும் தந்தது), அளிப்புப் பத்திரமா (அரசு நிபந்தனையோடு உரிமையாகத் தந்தது) என்பதை முதலில் பாருங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. ஈடு வைப்பதற்கும் அனுமதி வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியை வெறுந்தாளில் எழுதி 'விற்பதும்' நடக்கிறது. காணி விற்பனைக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். சமாதான நீதவானின் முத்திரை பளிச்சென்று இருந்தாலும் அந்தத் தாளுக்கு வங்கியில் மதிப்பில்லை.

ஜூலை 9

இன்று தோம்பு, அதாவது காணியின் கைமாற்றங்களைப் பதிந்த ஏடு. காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்கான பிரதி எடுத்து, உறுதி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொரு கையாகப் பார்க்க வேண்டும். உறுதி இடப்பெயர்வில் தொலைந்தது என்றால் பயப்படத் தேவையில்லை. பதிவாகியிருந்தால் உறுதிப்படுத்திய பிரதி அங்கேயே எடுக்கலாம்.

பயப்பட வேண்டியது வெளிப்படுத்தல் உறுதிக்கு. பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு அனுபவித்து வருகிறேன் என்று ஒருவர் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் உறுதி அது. நீதிமன்றத் தீர்ப்பு பின்னால் இல்லாவிட்டால் அது ஒரு கோரிக்கை மட்டுமே. போதாததற்கு, போரால் தம் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. இப்படியொரு உறுதி சங்கிலியில் இருந்தால் வங்கிச் சட்டத்தரணி கோப்பை மூடிவிடுவார். என் கருத்தில் அவர் செய்வது சரி.

உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து அற்றோணித் தத்துவத்தில் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) விற்கிறார் என்றால் மூன்று கேள்வி: அது பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா. அவர் இறந்த அன்றே தத்துவமும் முடிந்துவிடும்.

ஜூலை 14

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி: உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிய பகுதியில் வாங்குவோர், காணி துறைமுக அதிகார சபைக்கு உரித்தாக்கிய எல்லைக்குள் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தலைமுறையாகக் குடியிருந்திருக்கலாம், அந்தக் குடியிருப்பை வங்கி ஈடாக எடுக்காது. உள்ளூராட்சி சபையில் வீதிக் கோட்டுச் சான்றிதழையும் (வீதிக்கென ஒதுக்கிய எல்லை காணிக்குள் வருகிறதா என்று காட்டுவது) காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழையும் ஒரே தடவையில் கேளுங்கள். பிரிக்கப்படாத பங்கு என்றால் முதலில் பிரிவினை, பிறகுதான் கடன்.

ஜூலை 21

தனியார் துறையில் வேலை செய்வோருக்கு அரசு தரும் உண்மையான பிடிமானம் ஊழியர் சேமலாப நிதி. 1988இன் 42ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, உங்கள் நிதிக் கணக்கு மீதியில் 75 வீதம் வரை வீட்டுக்கடனுக்குப் பிணையாக வைக்கலாம். மீதி 12 இலட்சம் என்றால் பிணை 9 இலட்சம். காசு நிதியிலேயே இருந்து வட்டி உழைக்கும். தவணை தவறினால் நிலுவையை அந்த மீதியிலிருந்தே அறவிடுவார்கள். காணிப் பத்திரம் பலவீனமாக உள்ளவருக்கு இது பெரிய உதவி.

வேறொரு வழி 30 வீதத்தை எடுத்துவிடுவது. அது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் ஓய்வுகாலக் காசு குறையும். 10 வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் மீதியும் வேண்டும். இரண்டு வழியையும் முழுத் தொகைக்குக் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள்.

இதிலே கெடுவது சின்ன விஷயங்களில். அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்து, நிதிக் கணக்கில் இன்னொன்று. பழைய வேலைத்தலத்து அங்கத்தவர் இலக்கம் சேர்க்கப்படாமல் தனியாகக் கிடக்கும். முதலாளி 12 வீதத்தைக் கட்டாமல் விட்ட மாதங்கள் மீதியில் இருக்காது. வீடு தேடத் தொடங்கும்போதே தொழில் அலுவலகத்தில் இவற்றைத் திருத்தக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 28

விற்பவர் கேட்பது 80 இலட்சம், மதிப்பீட்டாளர் போடுவது 68 இலட்சம் என்று வையுங்கள். வங்கி 75 வீதம் தந்தால் அது 68இன் மேல்: 51 இலட்சம். மிச்ச 29 இலட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மேலே 4 வீதம். 80 இலட்சத்துக்கு 319,000 ரூபா. நொத்தாரிசு கூலி வேறு.

51 இலட்சம், 20 வருடம், 12 வீதம்: மாதம் ஏறத்தாழ 56,150. முதல் மாதத்தில் 51,000 வட்டிக்கே போகும். அதே கடன் 16 வீதமானால் 70,950. மிதக்கும் வட்டியில் இது கற்பனை இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வட்டி எத்தனை வருடம் நிலையானது, அதன் பிறகு எதை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதை ஈட்டு முறியில் (வங்கியோடு எழுதும் ஈட்டு ஒப்பந்தம்) வாசித்த பிறகே கையெழுத்து.

ஆகஸ்ட் 4

வாங்காமல் கட்டுவோருக்கு: கடன் கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம், லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேலான விட்டம்), கூரை, பூச்சு. பல இடங்களில் அத்திவாரம் சொந்தக் காசில் முடிந்த பிறகுதான் முதல் கட்டம். ஒக்டோபரில் வாடைமழை பிடித்தால் மண் வேலை நின்றுவிடும், அத்திவாரம் அளக்க முடியாது, காசும் வராது. செப்டெம்பர் கடைசிக்குள் டிபிசி (அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் போடும் படை) வரை ஏற்றிவிட வேண்டும். நடுவில் மேல்மாடிக்கென்று தூண் கம்பியைக் கூட்டுவதும் வேண்டாம்: பிளானிலும் பி.ஓ.கியூ.விலும் (வேலை, பொருள் அளவுப் பட்டியல்) இல்லாத வேலையைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கணக்கில் எடுக்க மாட்டார், அடுத்த கட்டமும் திருத்திய பிளான் வரும்வரை நிற்கும்.