பங்களாவின் மூன்று கூரைகள்: செய்து பார்த்த அனுபவம்

மூன்று மாதிரிகளில் இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதற்குச் சுவர் நிற்கிறது, கூரை ஏறவில்லை. வங்காளத்துக் குடிசை, ஆங்கிலேயர் காலத்து இந்திய பங்களா, கலிஃபோர்னியா பங்களா என மூன்றையும் 1:50 அளவில் செய்கிறேன். பங்களா எங்கே பிறந்து எப்படி உருமாறியது என்பதைக் கையால் கட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. இதுவரை பார்த்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று: பங்களாவைப் பங்களாவாக்குவது மாடி இல்லாதது அல்ல, சுவரைத் தாண்டி இறங்கும் கூரை.

பெயர்க் கதை சுருக்கமானது. வங்காளத்தைச் சேர்ந்தது என்ற பொருளில் 'பங்க்ளா'. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தில் தங்கள் ஆட்களுக்காகப் போட்ட கூரைக் கொட்டகைகளை இந்தப் பெயரால் குறித்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பங்களா என்றால் வசதி படைத்தவர் வீடு, இங்கிலாந்தில் மாடியில்லாத அடக்கமான வீடு, சிங்கப்பூரில் எத்தனை மாடி இருந்தாலும் தனித்து நிற்கும் வீடு.

குடிசையில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். 12 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், அதாவது நிஜத்தில் 6 மீட்டருக்கு 3 மீட்டர். 'தோச்சாலா' எனப்படும் இருசரிவுக் கூரை. அதன் முகடு நேர்கோடாக ஓடாது. கவிழ்த்த படகு மாதிரி நடுவில் உயர்ந்து இரு முனையிலும் தாழும். இறவாரமும் அதே வளைவில் இறங்கும். அட்டை இதற்குச் சரிப்படாது. ஒரு திசையில் வளைத்த அட்டையைக் குறுக்கே வளைத்தால் மடிந்துவிடும். மூங்கிலைச் சன்னமான பிளாச்சுகளாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, குறுக்குப் பிளாச்சு சேரும் இடமெல்லாம் நூலால் கட்டினேன். நேராக வைத்த பிளாச்சு சுமை ஏறியதும் நடுவில் தொய்கிறது. முன்கூட்டியே மேல்நோக்கி வளைத்துக் கட்டியது விறைத்து நிற்கிறது. இந்த வளைவை அலங்காரம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. மூங்கில் தன் இயல்பில் கொடுக்கும் உருவம் அது.

மேலே சணல் நாரைக் கீழிருந்து மேலாக அடுக்கி வேய்ந்து, தெளிப்பானால் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். நீர் எங்கும் தங்காமல் ஓடியது. தாழ்ந்த முனைகள் சுவரின் மூலைகளை மறைத்துக்கொண்டன. மண்சுவர் முதலில் கரைவது மூலையில்தான் என்பதால் இது எவ்வளவு பெரிய காவல் என்று புரிந்தது. இந்த உருவத்தின் அழகு பிறகு மூங்கிலை விட்டும் பயணப்பட்டது. வங்காளத்து விஷ்ணுபூரில் 1655இல் எழுந்த ஜோர் பங்களா கோயில் இரண்டு தோச்சாலாக்களைச் செங்கல்லில் ஒட்டி வைத்ததுதான். லாகூர் கோட்டையில் ஷாஜஹான் கட்டிய நௌலக்கா மண்டபத்தில் அதே வளைவு பளிங்கில் நிற்கிறது. செங்கல்லும் பளிங்கும் தாமாக வளையக்கூடியவை அல்ல. குடிசையின் மேல் அத்தனை மோகம் இருந்திருக்கிறது!

இரண்டாவது மாதிரிக்கு மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையே போதுமானதாக இருந்தது. உயர்ந்த அடித்தளம், நடுவில் கூடம், அதன் இருபுறமும் அறைகள், சுற்றிலும் வராந்தா. வராந்தாவின் மூலைகளை அடைத்துக் குளியலறை ஆக்கியிருப்பார்கள். நெருப்புக்கும் புகைக்கும் அஞ்சிச் சமையலறை தனிக் கட்டடம். நான்கு புறமும் சரியும் கூரை, வளைவு போய் நேராகிவிட்டது. மேலே இன்னமும் புல்தான். 1857 மே மாதம் மீரட்டில் கிளர்ச்சி வெடித்தபோது தீ வைக்கப்பட்ட பங்களாக்கள் அப்படிப் பற்றி எரிந்ததற்கு அந்தப் புல்லும் காரணம்.

வராந்தாவை 6 செ.மீ. அகலத்தில் வைத்தேன், நிஜத்தில் 3 மீட்டர். இறவார உயரம் 2.4 மீட்டருக்குச் சமம். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை வெயிலாக வைத்துச் சோதனை. டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்தால் ஒளி விரிந்து கணக்கு தப்பும். அறையின் மறுகோடியிலிருந்து, பாகைமானி வைத்துக் கோணம் பார்த்து அடிக்க வேண்டும். கொல்கத்தாவில் டிசம்பர் நண்பகல் சூரியன் ஏறக்குறைய 44 பாகை உயரத்தில் நிற்கும். அந்தக் கோணத்தில்கூட ஒளி வராந்தாத் தரையோடு நின்றுவிட்டது, சுவரைத் தொடவில்லை. கோடையில் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால் வராந்தாவின் ஓரத்துக்கே ஒளி வரவில்லை. காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயிலுக்கு மட்டும் கூரை உதவாது. அதற்குத்தான் மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டார்கள்.

இதே மாதிரியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கென்ட் கடற்கரையில் வெஸ்ட்கேட்டில் 1869–70 வாக்கில் ஜான் டெய்லர் கட்டியவைதான் அந்நாட்டில் பங்களா என்ற பெயரோடு எழுந்த முதல் வீடுகளில் சேரும். அந்த இடம் வடக்கே 51 பாகையைத் தாண்டியது. மார்ச் நண்பகல் சூரியனே 39 பாகைதான். டார்ச்சை அந்தக் கோணத்தில் அடித்தேன். ஒளி சரியாகச் சுவரின் அடியில் வந்து நின்றது. அப்படியானால் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் வெயில் அறைக்குள் எட்டிப் பார்க்காது. வெயிலைத் தேடிக் கடற்கரைக்கு வருபவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா? அங்கே வராந்தா சுருங்கிப்போனதில் எனக்கு வியப்பில்லை. கூரை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, மாடியில்லாத வீடு என்ற பொருள் மட்டுமே அங்கே மிஞ்சியது.

அமெரிக்காவில் நேர் எதிர். கலிஃபோர்னியாவின் பசடீனாவில் கிரீன் சகோதரர்கள் என்ற கட்டடக் கலைஞர்கள் 1908–09இல் கட்டிய கேம்பிள் இல்லத்துக்கு மாடி உண்டு. ஆனாலும் அதைப் பங்களா வகையின் உச்சம் என்கிறார்கள். அகலமாக வெளியே நீளும் இறவாரமும், வெளியில் படுத்துறங்கத் திறந்த முகப்புகளும் அதில் இருக்கின்றன. சிகாகோவில் 1910க்கும் 1940க்கும் இடையில் எழுந்த ஏறத்தாழ 80,000 செங்கல் பங்களாக்களில் கூரைக்குள்ளேயே அரை மாடி இருக்கும். சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அஞ்சல்வழி வீடுகளையே விற்றது. பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வீடு கட்டத் தேவையான மரமெல்லாம் ரயிலில் வந்து இறங்கும்.

என் மூன்றாவது மாதிரி அந்தப் பட்டியல் வீடுகளின் போக்கில் வருகிறது. முகப்புத் தூண்கள் கீழே பருத்து மேலே குறுக வேண்டும். பால்சா மரத்தில் செதுக்கி உப்புத்தாள் போட்டாகிவிட்டது. புல் வேய்ந்த கூரைக்கு 45 பாகைச் சரிவாவது வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஊறி மக்கும். இங்கே ஓடுபோல் வேயும் மரச் சில்லுகள் என்பதால் 20 பாகைக்கு இறக்கியிருக்கிறேன். கைமரங்களின் நுனிகள் இறவாரத்துக்கு வெளியே தெரியும்படி நீளமாக வெட்டி வைத்திருக்கிறேன். அவற்றை ஒட்டி முடித்ததும் பசடீனாவின் 34 பாகை அட்சரேகைக்குச் சூரிய உயரத்தைக் கணக்குப் போட்டு டார்ச் சோதனை, பிறகு இறவாரத்தைப் பாதியாக நறுக்கி மறுபடியும் ஒரு சோதனை.