பின்கட்டைக்குள்ள ஒரு பேரு
பழைய மிலிட்டரி ரைஃபிள் சேக்குறவங்க மவுசரா லீ என்ஃபீல்டானு அடிச்சுக்கட்டும், என் ஓட்டு சுவிஸ் கே31க்குதான். குண்டை உள்ள ஏத்துற போல்ட்டை தூக்கி திருப்புற வேலையே இல்ல, நேரா பின்னாடி இழுத்து முன்னாடி தள்ளுனா முடிஞ்சுது, அவ்ளோ ஸ்மூத். ஆனா கிக்கே வேற எடத்துல இருக்கு. தோள்ல வைக்கிற பின்கட்டைல ரெண்டு ஸ்க்ரூவை கழட்டி இரும்பு பிளேட்டை எடுத்தா, அதை வச்சிருந்த சிப்பாயோட பேரு, யூனிட், சிலதுல பொறந்த வருஷம்கூட எழுதுன சின்ன சீட்டு இருக்கும்!! எல்லாத்துலயும் கெடைக்காது, லாட்டரிதான். அட்டையும் தகரமும் சேத்து செஞ்ச சார்ஜர் (6 குண்டை ஒரே தள்ளுல ரைஃபிளுக்குள்ள ஏத்துற கிளிப்), தோள்ல மாட்டுற தோல் ஸ்லிங், ரைஃபிள் முனைல சொருகுற 1918 மாடல் பயனெட் கத்தினு உதிரி சாமானுக்கே தனியா அலையுற கூட்டம் ஒண்ணு இருக்கு. இதுல அடிபட்ட கட்டையை தேச்சு வார்னிஷ் அடிச்சு பளபளன்னு ஆக்கி விக்கிறாங்க பாருங்க, அவங்கள பாத்தாதான் பத்திக்கிட்டு வருது.