எம்சிபி இருக்கிறது என்று நம்பி ஹீட்டர் போடாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ரூம் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம். கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால், பிள்ளை பெற்ற வீட்டில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டி எடுக்கும் அறை கதகதப்பாக இருக்கட்டும் என்று கொடைக்கானல் சொந்தக்காரர்கள் யாராவது ஒரு ஹீட்டரைக் கொடுத்தனுப்புவார்கள். தங்கச்சி வீட்டுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. 2000 வாட்.

நம் 230 வோல்ட்டுக்கு அது 8.7 ஆம்ப் இழுக்கும். ஃபேனுக்கும் செல் சார்ஜருக்கும் வைத்த 6 ஆம்ப் பாயின்ட் இதற்கு ஆகவே ஆகாது. ஹீட்டர் பிளக்கின் பின்கள் பெரிது, நுழையவும் நுழையாது. உடனே வீட்டில் யாராவது ஒரு கன்வெர்ஷன் பிளக்கைத் தேடி எடுத்து வந்து நிற்பார்கள். அதை வாங்கி ஒளித்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம்.

சரி, 16 ஆம்ப் பவர் பிளக்கில் போட்டால் போதுமா? நம் பக்கம் போதாது, உப்புக்காற்று. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் அந்த பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார்: பித்தளையில் பச்சைக் களிம்பு, ஸ்க்ரூ லூஸ், செம்புக் கம்பியின் நுனி கறுத்துப் போயிருந்தது. புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப் பிடிக்காத பெயின்ட்டாகப் பார்த்து அடித்திருக்கிறார்கள், சுவிட்ச் போர்டுக்கு யார் அடிப்பது!

அந்தக் களிம்பில் அரை ஓம் தடை இருந்தாலே, 8.7 ஆம்ப் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் சுமார் 38 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

"எம்சிபி ட்ரிப் ஆகிடும்ல மாப்ள?" என்றார் மச்சான். ஆகாது. எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக அணையும் சுவிட்ச். இங்கே கரண்ட் அளவுக்கு மேல் போகவே இல்லையே, அதற்கு எப்படித் தெரியும்? ஷாக்கிலிருந்து காக்க வைக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் கரண்ட் கசிவைத்தான் பார்க்கும், இந்தச் சூட்டைப் பார்க்காது. பிளாஸ்டிக் உருகி நாற்றம் வரும்போது நமக்குத்தான் தெரியும்.

புது சாக்கெட் மாற்றி, உள்ளே 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்தானா என்றும் பார்த்தாயிற்று. இப்போது 1000 வாட்டில்தான் ஓடுகிறது. தொட்டில், காயப்போட்ட துணி எல்லாம் மூன்றடி தள்ளி, தூங்கும் முன் ஆஃப். போட்டுக் கால் மணி நேரம் கழித்து ஆஃப் செய்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டாலோ பின் பழுப்பேறியிருந்தாலோ பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.