ஒரு துரும்பு

"மிஸ், நான் போட்டதுல ஒண்ணத் திரும்ப எடுத்துக்கவா?"

பள்ளியின் கிறிஸ்துமஸ் குடில் முன்னால் இரண்டாம் வகுப்புக் குழந்தை.

கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து, நல்ல காரியம் ஒன்று செய்தால் தீவனத் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம் என்று சொல்லியிருந்தோம். பாலன் இயேசு படுக்க மெத்தை.

"ஏன்டா?"

"காலைல தம்பிய அடிச்சிட்டேன்."

மற்றவை கலையாமல், இரண்டு விரலால் ஒரே ஒரு துரும்பை உருவி, பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோதும் வைக்கோல்தான், கூடவே நிஜ மாடும் கழுதையும். ஜோடனை எல்லாம் பிறகு வந்தது.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனையோ பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். இப்படி ஒரு மனஸ்தாபத்தை, செய்த தப்புக்கு மனம் வருந்துவதை, இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பெல் அடித்தது.

"நாளைக்கு வெச்சிடுறேன் மிஸ்!"

ஓடிவிட்டாள்.