வெரோனாவில் மைக் இல்லாத ஓர் இரவு

வெனிஸிலிருந்து வெரோனாவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஜூலியட்டின் பால்கனியைப் பார்த்துவிட்டு மாலையே கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் தங்கியதே இரவுக்காகத்தான். அன்று அரேனா என்ற திறந்தவெளி அரங்கத்தில், இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஐடா’. ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம்.

பிரா சதுக்கத்தில் நிற்கும் அரேனா, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டியது. கிளேடியேட்டர்கள் சண்டை போட்ட தரையில் மணல் பரப்பியிருப்பார்கள். லத்தீனில் அரேனா என்றால் மணல்தான். 1117ல் வந்த நிலநடுக்கத்தில் வெளிச்சுவர் சரிந்து, இப்போது நான்கு வளைவு அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதை ‘ஆலா’, சிறகு என்கிறார்கள். அந்தி வெயிலில் அந்த இளஞ்சிவப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றிருப்பேன்.

எங்கள் டிக்கெட் மேலே, கல்படியில். பகல் முழுக்க வெயில் குடித்த கல், உட்கார்ந்தால் சுட்டது. வாசலில் வாடகைக்குக் குஷன் தருகிறார்கள், யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் ஆட்கள் விரல் அளவுக்குத்தான் தெரிந்தார்கள். மைக் கிடையாது என்று நான் சொன்னதும் இவர், “இவ்வளவு தூரத்துக்கு எப்படிம்மா கேட்கும்?” என்றார்.

இருட்டத் தொடங்கியதும் படிகளில் சின்னச் சின்ன மெழுகுவர்த்திகள் ஏறின. 1913ல், வெர்டி பிறந்து நூறாண்டு ஆனதற்காக, ஜொவான்னி செனாடெல்லோ என்ற பாடகர் முன்னின்று இங்கே ஓபரா விழாவைத் தொடங்கிவைத்தார். அதில் முதலில் நடந்ததும் ‘ஐடா’தான். அன்று வந்தவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகம் படித்தார்களாம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பக்கத்துப் படியில் இருந்த பாட்டி தன் சுடரைச் சாய்த்து எங்கள் திரியைப் பற்றவைத்தார். மெழுகு என் கட்டைவிரலில் சொட்டி உறைந்தது.

காங் என்ற பெரிய உலோகத் தட்டு ஒலித்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே எகிப்தியப் படைவீரன் ராதமேஸ், தான் காதலிக்கும் அடிமைப்பெண் ஐடாவை நினைத்துப் பாடும் பாட்டு. அதன் கடைசி மேல் ஸ்வரம் மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும் என்றுதான் வெர்டி எழுதியிருக்கிறார். பலர் ஓங்கிப் பாடி முடித்துவிடுவார்கள். அன்று பாடியவர் குரலைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். நூலாகிப்போன அந்தக் குரல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி, ஆயிரக்கணக்கான தலைகளைத் தாண்டி, எங்கள் படி வரை அறுபடாமல் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர் கையைப் பிடித்துக்கொண்டார், பேசவில்லை.

இரண்டாம் அங்கத்தின் வெற்றி ஊர்வலம் கண்ணுக்கு விருந்துதான். நீண்ட எக்காளங்கள், மேடைக்குப் பின்னால் படி நெடுகக் கோரஸ். ஆனாலும் மனதில் தங்கியது அதுவல்ல.

மூன்றாம் அங்கத்தில், நைல் கரைக் காட்சியில், ஐந்தாறு துளிதான் விழுந்திருக்கும். வயலின்காரர்கள் வாத்தியத்தைக் கோட்டுக்குள் அணைத்தபடி உள்ளே போய்விட்டார்கள். மரம் நனைந்தால் கெட்டுவிடும். அப்புறம் இருபத்தைந்து நிமிடம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் ஒருவரும் எழவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது தட்டிய கை, எந்தப் பாட்டுக்கும் தட்டியதைவிடப் பலம்.

அத்தனை பிரமாண்டமான ஓபரா எவ்வளவு தாழ்ந்த குரலில் முடிகிறது! கீழே கல்லறைக்குள் உயிரோடு அடைபட்ட ராதமேஸும், அவனோடு சாக ஒளிந்து வந்த ஐடாவும் பூமியிடம் விடைபெறுகிறார்கள். மேலே அம்னெரிஸ், அவனைக் காதலித்த இளவரசி, ‘பாச்சே, பாச்சே’ என்று அமைதி வேண்டுகிறாள். கிட்டத்தட்ட முணுமுணுப்பு. அதுவும் கேட்டது.

மறுநாள் காலை மிலான் போவதாக இருந்தோம். அன்றிரவு ‘கார்மென்’ ஓபரா என்று சதுக்கத்தில் போஸ்டரைப் பார்த்ததும், பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு இவர் டிக்கெட் வரிசையில் போய் நின்றுகொண்டார்.