ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவோட ஞாபகம்

மார்ச் 4
பெருங்குடல் கட்டியை முழுசா எடுத்தாச்சு, சர்ஜனுக்கு திருப்தி. ஆனா நேத்து ராத்திரிலேர்ந்து அப்பா கேக்குறதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றார், ஐவி ட்யூபை இழுக்குறார், சுவத்துல பூச்சி ஊருதுங்கறார், விடிஞ்சா தெளிவா இருக்கார் பொழுது சாஞ்சா மறுபடி ஆரம்பிச்சிடுது. தம்பி பயந்துபோய் "மறதி நோய் வந்துருச்சாக்கா"ன்னு கேட்டான்.

மார்ச் 5
அனஸ்தீசியா டாக்டர் வந்து கிழமைகளை பின்னாலேர்ந்து சொல்லச் சொன்னார். வெள்ளியைத் தாண்ட முடியல அப்பாவால. இது டெலிரியம், அதாவது திடீர்னு வர்ற மனக்குழப்பம், டிமென்ஷியாங்கற மறதி நோய் இல்லன்னார். டிமென்ஷியா மாசக்கணக்குல வருஷக்கணக்குல வரும், இது மணிக்கணக்குல வந்து ஏறி இறங்கும். மயக்க மருந்தாலயான்னு கேட்டேன், அது மட்டும் இல்லம்மான்னு விளக்கினார். இவ்வளவு திசுவை வெட்டினா காயப்பட்ட செல்லுங்க கசியவிடுற பொருளுக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் கிருமி புகுந்த மாதிரியே கொதிச்செழுது, ஐஎல்-6 மாதிரி சைட்டோகைன், அதாவது அழற்சியைத் தூண்டற சேதிப் பொருள், ரத்தத்துல ஏறுது, அழற்சியைக் காட்டுற சிஆர்பிங்கற ரத்தப் புரதம் ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போகுது. அந்த அழற்சி ரத்தத்துல இருக்கறது மூளைக்குள்ள போகாம தடுக்கற அரணைத் தளர்த்தி, அங்க காவலுக்கு இருக்கற மைக்ரோக்ளியாங்கற எதிர்ப்புச் செல்களையும் உசுப்பிவிடுது, ஞாபகத்தைப் பாத்துக்கற ஹிப்போகேம்பஸ் அதுல சீக்கிரம் அடிவாங்குது. எலிகள்ல இதைத் தெளிவாவே பாத்திருக்காங்களாம்.

இன்னொண்ணும் சொன்னார், இது ரொம்ப முக்கியம்: திடீர்க் குழப்பம் சில சமயம் இன்ஃபெக்ஷனுக்கோ, குடலைச் சேத்துத் தைச்ச இடத்துல கசிவுக்கோ முதல் அறிகுறியா இருக்கும், அதனால வயசானா இப்படித்தான்னு யாரும் விட்டுடக்கூடாது. அப்பாவுக்கு டெஸ்ட் எடுத்தாங்க, கசிவு இல்ல.

மார்ச் 7
இப்ப அமைதியா படுத்தே இருக்கார். சொந்தக்காரங்க "சமத்தா இருக்கார்"ங்கறாங்க. எனக்கு அதுதான் பயமே, கத்தாம சோர்ந்து கிடக்கறதும் டெலிரியம்தான், அந்த வகைதான் அதிகமா கண்ணுல படாமப் போகுது. கண்ணாடி, காது மெஷின் ரெண்டையும் போட்டுவிட்டோம், பகல்ல ஜன்னல் திறந்து, தேதி சொல்லி, நடக்க வெச்சு, தண்ணி குடுத்து, ராத்திரி தூங்க விட்டோம். 1999-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, வார்டுல சேந்த வயசானவங்களுக்கு இதையெல்லாம் ஒழுங்கா செஞ்சப்ப டெலிரியம் 15%லேர்ந்து 10% கிட்ட குறைஞ்சுது. மருந்தே இல்லாம!

ஏப்ரல் 10
குழப்பம் போயிடுச்சு, ஆனா பழைய அப்பா முழுசா வரல. படிச்ச பக்கத்தையே திரும்பப் படிக்கறார், கணக்குல திணர்றார். 1998-ல லான்செட்ல வந்த பெரிய ஆய்வுல 60 வயசுக்கு மேல பெரிய ஆபரேஷன் ஆனவங்கள்ல ஒரு வாரத்துல சுமார் 26% பேருக்கும் மூணு மாசத்துல சுமார் 10% பேருக்கும் இந்த மாதிரி மங்கல் இருந்துது. நிறைய பேர் மீண்டுடறாங்கங்கறதை நான் பிடிச்சுக்கறேன்.

ஏப்ரல் 16
கீமோ பத்தி முடிவெடுக்கணும். இந்த நிலைமைல அவரைக் கையெழுத்து போடச் சொல்றது எனக்கு ஒப்பல, அதனால காலைல அவர் தெளிவா இருக்கற நேரத்துல இன்னொரு தடவை மெதுவா விளக்கச் சொல்லி கேட்டேன், டாக்டரும் ஒத்துக்கிட்டார். அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது என் மூளையை இன்னும் மழுக்குமா டாக்டர்?" சிலருக்கு மழுங்கலாம்னு ஒளிக்காம சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாடியே எங்ககிட்ட இப்படிச் சொல்லியிருக்கணும், ஞாபகத்தையும் ஒரு தடவை அளந்து வெச்சிருக்கணும். யோசிக்க ஒரு வாரம் கேட்டிருக்கார் அப்பா.