கேரக்கை ஏன் துரத்துனாங்க?
நேத்து ராத்திரி பாளையங்கோட்டையில, மொட்டைமாடியில பாய் விரிச்சு, நானும் தம்பியும் மறுபடி கேரக்கைப் பத்திதான் பேசினோம். ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர்ல தையல்கடை வச்சிருக்கிற முன்னாள் உளவாளி. சொந்த மண்ணை விட்டு அவரை ஏன் துரத்துனாங்கன்னு தொடர் முடியிற வரைக்கும் சொல்லவே இல்ல.

1994ல வந்த ‘தி வயர்’ அத்தியாயத்துல, சாகக் கிடக்கும்போது டாக்டர் பஷீர்கிட்ட அதுக்கான காரணத்தைத் தடவைக்கு ஒரு கதையா சொல்றார். எல்லாத்துலயும் எலிம்னு ஒரு கூட்டாளி. கடைசியில பார்த்தா எலிம்ங்கிறது அவரோட பேரேதான்! அந்த இடத்துல எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

"அண்ணே, அந்தக் கதைகள்ல ஒண்ணுல, அவரோட ஆளுக பிடிச்சு வச்சிருந்த, பசியில கெடந்த பஜோர் கிரகத்துப் பிள்ளைகளைத் தப்பிக்க விட்டாருல்லா, அதான் நெசம்"ங்கான் தம்பி. எனக்கு அப்படித் தோணல. பிறகு, உளவுத்துறையில தனக்குத் தலைவரா இருந்த டெய்னைப் பார்க்கும்போது, மனசால துரோகம் பண்ணலன்னு சொல்றாரே. டெய்ன் அவரோட தகப்பன்னு அப்புறம்தான் தெரிய வரும். பெத்த அப்பாவுக்கு எதிரா என்னமோ செஞ்சிருக்கார். நீங்க என்ன நினைக்கியோ?